பணிக்கம் கழுவும் பிள்ளைக்கு நோயின் பெயர் தெரியக்கூடாதா?



இன்று நான் எழுதவிருப்பது எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு பாடம். இதைப் படித்துச் சிலர் சினம் கொள்ளக்கூடும். முழுவதும் படித்துவிட்டுச் சினக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நம் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் ஒரு குடும்பத்துப் பெரியவருக்குப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டால், வீட்டார் கூடி எடுக்கின்ற முதல் முடிவு எது? சிகிச்சையைப் பற்றியதா? செலவைப் பற்றியதா? இல்லை. "பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்" என்பதே அந்த முதல் முடிவு.

நான் ஆரம்பப்பள்ளி ஆசிரியர். பதின்ம அகவைப் பிள்ளைகளைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். தம்பி தங்கையர் என் வகுப்பில் இருக்கிறார்கள். அண்ணனும் அக்காளும் இடைநிலைப் பள்ளியில் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த அண்ணனும் அக்காளும் முன்பு என்னிடம் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். தோட்டத்துக் குடும்பம் இடைநிலைப் பள்ளியின் வாயிலை மிதிக்கத் தயங்கும்; தமிழ்ப்பள்ளிக்குத் தயங்காமல் வரும். வந்து, "டீச்சர், பாட்டிக்கு இப்படி ஆயிடுச்சி. பெரியவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொள்ளும். இருபது ஆண்டுக்கும் மேலான பணியில் இவ்வேண்டுகோளைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இவ்வழக்கம் தவறானது என்பதே என் வாதம். அன்பினால் செய்யப்படுவதால் அது சரியாகிவிடாது. பாட்டியின் எச்சில் பணிக்கத்தைக் கழுவும் அளவுக்கு வளர்ந்துவிட்ட பிள்ளை, அந்தப் பாட்டிக்கு வந்துள்ள நோயின் பெயரைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கும் வளர்ந்துவிட்ட பிள்ளையே.

யாரிடமிருந்து மறைக்கிறோம்?

தோட்டப்புறக் குடும்பத்தின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை இருள் பிரியுமுன் தாய் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச் செனவாங் தொழிற்பேட்டைக்குச் சென்றுவிடுகிறார். தந்தை செம்பனைக் காட்டுக்குச் சென்றுவிடுகிறார். வீட்டில் இருப்பது பாட்டி. பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக் கொடுத்ததும், பள்ளிச் சீருடையைத் தேய்த்து வைத்ததும், காய்ச்சலில் நெற்றியில் ஈரத்துணி வைத்ததும் அவரே. பல பிள்ளைகளுக்குப் பாட்டியே நடைமுறையில் தாய்.

அந்தப் பாட்டி நோயில் விழுந்தால் பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது யார்? பள்ளி முடிந்து வரும் 14 அகவைப் பேத்திதான். கஞ்சியை மசித்துக் கரண்டியால் ஊட்டுவது அவள். இரத்தம் கலந்த எச்சிலைக் கொண்டுபோய்க் கொட்டுவது அவள். துணியை மாற்றுவது, மருந்து நேரத்தைப் பார்ப்பது எல்லாம் அவள். அவளிடம் நாம் சொல்லி வைத்திருப்பது, "பாட்டிக்கு வாயில புண்ணு, ஆறிடும்."

மருத்துவமனையில் நடப்பது இதைவிடக் கொடுமை. மருத்துவர் மலாய்மொழியில் பேசுகிறார். பாட்டிக்குச் சந்தை மலாய் மட்டுமே தெரியும். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆகவே மருத்துவர் சொல்வதைத் தமிழில் பெயர்த்துப் பாட்டிக்குச் சொல்பவன் உடன் சென்ற பேரன். இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழியில் அறிவியல் பயில்கின்ற பிள்ளைக்கு, மருத்துவமனைக் கடிதத்தில் 'கான்செர்' என்று எழுதியிருப்பதைப் படிக்க அகராதி வேண்டியதில்லை. அதனருகே 'தாஹாப் 4' என்று இருந்தால் அதன் பொருளைக் கைப்பேசியில் தேடிக்கொள்ள அரை நிமிடம் போதும்.

ஆக, குடும்பத்தில் முதலில் தெரிந்துகொள்வது அப்பிள்ளையே. அதற்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை நாம் செய்கிறோம். பிள்ளையும் நம் மனம் நோகக்கூடாதே என்று, தெரிந்ததைத் தெரியாததாக நடிக்கிறது. ஒரே கூரையின்கீழ் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு, எல்லாரும் தனித்தனியே அழுகிறோம். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

வெற்றிலை வாங்கி வந்த கை

இது நம் நாட்டில் அரிதாக நிகழும் ஒன்றன்று. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரையிலான ஐந்தாண்டுகளில் மலேசியாவில் 115,238 பேருக்குப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. கட்டம் பதிவுசெய்யப்பட்டவர்களில் 63.7 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருந்தனர். அடுத்த ஐந்தாண்டில், 2017 முதல் 2021 வரை, நோயாளிகளின் எண்ணிக்கை 168,822 ஆனது. காலங்கடந்து வந்தவர்களின் பங்கு 65.1 விழுக்காடாக உயர்ந்தது. மூவரில் இருவர் முற்றிய நிலையில்தான் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். அந்த ஒவ்வொருவர் வீட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

நம் இனத்தாருக்கு இதில் தனி வேதனை ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, கூடுதலாகக் காணப்படுகிறது. காரணம் நாம் அறிந்ததே. தோட்டத்து முதிய பெண்களின் மடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை இல்லாத நாள் ஏது? வெட்டுக்காட்டில் பசியை மறக்கவும் களைப்பைப் போக்கவும் மென்று பழகியது அது. புகையிலைதான் கேடு, வெறும் வெற்றிலைப்பாக்கு நல்லது என்று இன்றும் சொல்வோர் உள்ளனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்றும், பாக்கே அத்தகைய பொருள் என்றும் தெளிவாகக் கூறிவிட்டது.

பெற்றோர்களே, இங்கே நீங்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வெற்றிலையைக் கடையிலிருந்து வாங்கி வந்தது யார்? "ஐயா, ஓடிப்போய் ரெண்டு வெள்ளிக்கு வெத்தல வாங்கியா" என்று பாட்டி அனுப்பியது யாரை? பல் விழுந்த பாட்டிக்குச் சிற்றுரலில் பாக்கை இடித்துக் கொடுத்தது யார்? அதே பேரன், அதே பேத்தி. வெற்றிலைப்பாக்கினால் வாய்ப் புற்றுநோய் வரும் என்பதைப் பள்ளிச் சுகாதாரப் பாடத்திலோ சுவரொட்டியிலோ ஒருநாள் அப்பிள்ளை படிக்கிறது. அன்றிரவு அதன் மனத்தில் எழும் கேள்வி என்னவாக இருக்கும்? "வாங்கிக் கொடுத்தது நான்தானே?"

இக்கேள்வியை அது யாரிடம் கேட்கும்? வீட்டில் புற்றுநோய் என்ற சொல்லே இல்லை. இல்லாத நோயைப் பற்றி எப்படிக் கேட்பது? ஆகவே அக்கேள்வி உள்ளேயே கிடந்து புண்ணாகிறது. "நீ பாட்டியின் மேல் வைத்த அன்பினால் வாங்கிக் கொடுத்தாய். உனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் நீ பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மென்று வந்தவர்" என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், பாதிச் சுமை இறங்கிவிடும். நோயை மறைக்கின்ற வீட்டில் அந்த ஆறுதலைச் சொல்லவே வழியில்லை.

உண்மை இல்லாத இடத்தை வேறு ஏதேனும் வந்து நிரப்பும். "யாரோ செய்வினை வெச்சிட்டாங்க" என்ற பேச்சு வந்து நிரப்பும். "பெரியவளோட ஜாதகத்துல கண்டம் இருக்காம்" என்ற பேச்சு வந்து நிரப்பும். பிறந்த நேரத்தின் பெயரால் பதினைந்து அகவைப் பெண்ணின் தலையில் பாட்டியின் மரணத்தை ஏற்றி வைக்கும் கொடுமையை நான் கேட்டிருக்கிறேன். புற்றுநோய் என்ற சொல் பிள்ளையை வருத்தும் என்று அஞ்சி மறைப்பவர்கள், இச்சொற்கள் அதன் காதில் விழுவதைப் பற்றி ஏன் அஞ்சுவதில்லை? தொற்றிக்கொள்ளும் என்று பாட்டியின் குவளையைத் தனியே எடுத்து வைப்பதையும் பிள்ளை பார்க்கிறது. புற்றுநோய் தொட்டால் தொற்றாது. இதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமானால் நோயின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறைப்போர் கூறும் காரணங்கள்

எதிர்த்தரப்பின் காரணங்களைத் தள்ளிவிட்டுப் போகமாட்டேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வள்ளுவரே இடங்கொடுத்திருக்கிறார் என்பது. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவர் கூறியது உண்மைதான். தமிழாசிரியர்களே இதை என்னிடம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஐயன் ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்தல்லவா வைத்தார்? விளையும் நன்மையில் குறை இருக்கக்கூடாது. நாம் சொல்லும் பொய் பிள்ளைக்கு என்ன நன்மையைத் தந்தது? தூக்கம் தந்ததா? படிப்பில் கவனம் தந்ததா? கடைசியில் பாட்டியின் கையைப் பிடித்து இரண்டு சொல் பேசும் வாய்ப்பைத் தந்ததா? அந்த வாய்ப்பைப் பறித்தது. நல்ல மாணவர் விடையின் பாதியை மட்டும் எழுதமாட்டார். நாமும் குறளின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாகாது.

இரண்டாவது, தேர்வு. "எஸ்.பி.எம். முடியட்டும், அப்புறம் சொல்லலாம்" என்பார்கள். புற்றுநோய் தேர்வு அட்டவணையைப் பார்த்து நடப்பதில்லை. சொல்லப்படாத பிள்ளை நிம்மதியாகப் படிக்கிறது என்பது நம் கற்பனை. இரவில் அடுத்த அறையின் முனகலைக் கேட்டுக்கொண்டு, என்ன நடக்கிறதென்று புரியாமல் விழித்திருக்கிறது.

மூன்றாவது, "பிள்ளைக்குத் தெரிஞ்சா பாட்டிகிட்ட உளறிடும்" என்பது. இதன் உட்பொருள், பாட்டிக்கும் சொல்லவில்லை என்பதே. தம் உடலைப் பற்றிய செய்தியை அவருக்கே மறைப்பது சரியா என்பது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே ஒன்றை மட்டும் சொல்வேன். பாட்டிக்குத் தெரியாமல் காக்க வேண்டிய இரகசியத்தைப் பதினான்கு அகவைப் பிள்ளையின் முதுகில் ஏற்றாதீர்கள். பெரியவர்களாலேயே தூக்க முடியாத மூட்டை அது.

நான்காவது, "சின்னப் பிள்ளை, தாங்காது" என்பது. தாங்காது என்றால், இரத்தம் தோய்ந்த துணியைத் துவைக்க அதை ஏன் விட்டீர்கள்? வேலைக்குப் பெரிய பிள்ளை. செய்திக்குச் சின்னப் பிள்ளை. இந்த இரட்டை அளவுகோல்தான் என்னைச் சினங்கொள்ள வைக்கிறது.

உலகம் கண்டறிந்தது

பிரிட்டனில் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மேரி மெக்கார்ட்னி என்ற தாதி மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். அவருடைய மூத்த மகனுக்கு அகவை 14, இளையவனுக்கு 12. தாய்க்கு என்ன நோய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. இறப்புச் செய்தியைக் கேட்டதும் மூத்தவன், அம்மாவின் சம்பளம் இல்லாமல் நாம் என்ன செய்வோம் என்று கேட்டுவிட்டான். அப்படிக் கேட்டதை எண்ணி அவன் பின்னாளில் வருந்தினான். அச்சிறுவன்தான் பிறகு பீட்டில்ஸ் இசைக்குழுவால் உலகப் புகழ்பெற்ற பால் மெக்கார்ட்னி. கனவில் வந்த தாயை நினைத்து அவர் எழுதிய 'லெட் இட் பி' 1970இல் வெளிவந்தது. ஆயத்தம் செய்யப்படாத பிள்ளையின் வாயில் அந்நேரத்தில் எது வரும் என்று யாரால் சொல்ல முடியும்? அந்தக் கேள்வியில் கல்நெஞ்சம் இல்லை, அச்சம் இருந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதே அச்சம் உண்டு. அம்மா வேலையை விட்டால் கடன் என்னாகும்? நோயாளி தோட்ட வேலையாளாக இருந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா? இவற்றைக் கேட்டால் பணத்தாசை பிடித்தவன் என்று திட்டுவார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறது.

சுவீடன் நாட்டில் 13 முதல் 16 அகவைக்குள் தாயையோ தந்தையையோ புற்றுநோய்க்கு இழந்த 600க்கும் மேற்பட்டோரிடம், அவர்கள் வளர்ந்த பிறகு ஆய்வாளர்கள் கேட்டார்கள். பெற்றோரின் மரணம் நெருங்கிவிட்டதைப் பதின்ம அகவைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று 98 விழுக்காட்டினர் விடையளித்தனர். அதை அனுபவித்தவர்கள் அளித்த விடை இது. அதே ஆய்வில், இழப்பைச் சந்தித்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டதாகத் தெரிவித்திருந்தார். இழப்பைச் சந்திக்காத ஒத்த அகவையினரிடையே அது ஏறத்தாழப் பத்தில் ஒருவர். இதற்கு மறைத்தல் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் மௌனத்தை 'தாங்கிக்கொண்டது' என்று எண்ணிவிடாதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

அதே நாட்டில் 2004இல் வெளியான மற்றோர் ஆய்வு புற்றுநோயால் தம் பிள்ளையையே இழந்த பெற்றோரைப் பற்றியது. பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசியிருந்த 147 பெற்றோரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாமலிருந்த 258 பேரில் 69 பேர் பேசாமற்போனதற்காக வருந்தினர். இறக்கும் பிள்ளையிடமே உண்மையைப் பேசியவர்கள் வருந்தவில்லை என்றால், உடல்நலத்தோடு இருக்கும் பிள்ளையிடம் பாட்டியைப் பற்றிப் பேச நாம் ஏன் நடுங்க வேண்டும்?

நார்வே இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. கடுநோயுற்றவருக்கு அகவை நிறையாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டறிந்து, அவர்களுக்குத் தேவையான செய்தியும் துணையும் கிடைக்கின்றனவா என்று கவனிப்பது 2010 சனவரி முதல் அங்குள்ள சுகாதாரப் பணியாளர்களின் கடமை. நம் நாட்டிலும் சுகாதார அமைச்சு 2019 முதல் 2030 வரைக்குமான தேசிய நோய்த்தணிப்புச் சிகிச்சைக் கொள்கையை வகுத்துள்ளது. இச்சிகிச்சை நோயாளிக்கும் அவர்தம் குடும்பத்திற்கும் உரியது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2002இலேயே வரையறுத்துவிட்டது. குடும்பம் என்ற சொல்லில் பணிக்கம் கழுவும் பேத்தி அடங்கமாட்டாளா?

ஆசிரிய நண்பர்களே, நமக்கும் பங்குண்டு

ஆண்டுதோறும் ஒரு செய்தி நாளிதழில் வரும். தந்தையின் உடல் வீட்டில் கிடக்க, மகள் தேர்வு மண்டபத்துக்குச் சென்று தேர்வெழுதிவிட்டு வந்தாள் என்பது அச்செய்தி. தமிழ்நாட்டிலிருந்தும் வரும், நம் நாட்டிலிருந்தும் வரும். நாம் அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, "பாருங்கள், இதுவல்லவோ மன உறுதி" என்று சபைகூடலில் பேசுகிறோம். அந்த மாணவியைக் குறை சொல்லவில்லை. அவள் தன்னால் இயன்றதைச் செய்தாள். பாராட்டும் நம்மைத்தான் குறை சொல்கிறேன். நம் பாராட்டைக் கேட்கும் மற்றப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது, அழாதவனே நல்ல மாணவன் என்பதை. அதன்பின் அவர்கள் நம்மிடம் வந்து எதையும் சொல்லமாட்டார்கள்.

வகுப்பில் உறங்குகின்றவனைச் 'சோம்பேறி' என்கிறோம். வீட்டுப்பாடம் செய்யாதவளை வெளியே நிறுத்துகிறோம். நேற்றுவரை அமைதியாக இருந்த பையன் இன்று நாற்காலியை எட்டி உதைத்தால் 'திமிர்' என்கிறோம். துக்கம் இந்த அகவையில் கண்ணீராக மட்டும் வருவதில்லை. கோபமாகவும், ஓயாத சிரிப்பாகவும், வீட்டுக்குப் போகாமல் திடலில் சுற்றுவதாகவும் வரும். தண்டிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்போமே: "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் குழந்தை உளவியல் படித்தோம். பியாஜே கூறிய வளர்ச்சிப் படிகளைத் தேர்வில் எழுதினோம். மரணம் நெருங்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்பது பாடத்திட்டத்தில் இருந்ததில்லை. இல்லாவிட்டால் என்ன? நாமே கற்றுக்கொள்வோம். நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இப்பொறுப்பை ஏற்று, இடைநிலைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் குடும்பத்தின் ஒப்புதலோடு செய்தியைச் சேர்த்துவிட்டால், எத்தனைப் பிள்ளைகள் வீண் தண்டனையிலிருந்து தப்புவார்கள்!

என்ன சொல்வது? எப்படிச் சொல்வது?

குறை கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்வது என் வழக்கமன்று. பெற்றோர் செய்யக்கூடியவற்றைக் கீழே தருகிறேன்.

1. நீங்களே சொல்லுங்கள். அண்டை வீட்டார் வாயிலாகவோ மருத்துவமனைக் கடிதம் வாயிலாகவோ பிள்ளை அறியக்கூடாது. தாயோ தந்தையோ பக்கத்தில் அமர்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும்.

2. நோயின் பெயரைச் சொல்லுங்கள். "பாட்டிக்கு வந்திருப்பது வாய்ப் புற்றுநோய். மருத்துவர்கள் வலியைக் குறைக்க முடியும். நோயை முழுதாக நீக்க முடியாது என்று சொல்கிறார்கள்." இவ்வளவு போதும். எத்தனை நாள் என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியாது, மாற்றம் தெரிந்தால் உனக்கும் சொல்வோம் என்று வாக்குக் கொடுத்து, அவ்வாக்கைக் காப்பாற்றுங்கள்.

3. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை மூன்று. உன்னால் வந்ததன்று. தொட்டால் தொற்றாது. உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.

4. பணத்தைப் பற்றியும் பேசுங்கள். நோயாளி சந்தா செலுத்திய தொழிலாளராக இருந்தால் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்க இயலுமா என்று கேட்டறியுங்கள். ஊழியர் சேமநிதியில் கடுநோய்ச் சிகிச்சைக்கெனப் பணம் மீட்கவும் வழியுண்டு. வழி தேடிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தாலே பிள்ளையின் அச்சம் குறையும்.

5. பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். முக்கியமான செய்தி சொல்லப்படும் நாளில் பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். முடியாவிட்டால், தமிழ் தெரிந்த தாதியையோ மருத்துவரையோ அழைத்துப் பேசுமாறு கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

6. வேலைக்கு ஓர் எல்லை வையுங்கள். கஞ்சி ஊட்டலாம், நாளிதழ் படித்துக் காட்டலாம், பழைய கதைகளைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், வலி மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும், இரவு முழுவதும் தனியே விழித்திருப்பதும் பிள்ளையின் வேலையல்ல. மாலையில் பந்து விளையாடப் போகட்டும். பாட்டி படுத்திருக்கும்போது விளையாட்டா என்று யாரும் கேட்காதிருக்கட்டும்.

7. இறுதி நேரம் நெருங்கும்போது, அருகில் இருக்க விரும்புகிறாயா என்று கேளுங்கள். இருக்க விரும்பினால் இருக்கட்டும்; விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

மறைக்கும் பழக்கத்தின் விலை

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். பிள்ளையிடம் நோயை மறைக்கும் பழக்கமும், பாட்டி தம் வாய்ப்புண்ணை ஓராண்டாக முந்தானையால் மறைத்த பழக்கமும் ஒரே வேரில் கிளைத்தவை. பெயரைச் சொன்னால் வந்துவிடும், ஊர் பேசும் என்ற அச்சமே அந்த வேர். மூவரில் இருவர் முற்றிய நிலையில் மருத்துவரிடம் செல்வதற்கு ஏழ்மை ஒரு காரணம்; தொலைவு ஒரு காரணம். பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோலப்பிலா கடந்து சிரம்பானுக்குச் செல்வதற்கே ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் வாய் திறந்து சொல்லாமையும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியுமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை குடற்புற்றுநோயால் 1923இல் இறந்தார். தொடக்கத்தில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. தங்கையின் துன்பத்தை அருகிலிருந்து கண்ட அந்த அம்மையார் அதை மறக்க முயலவில்லை. நோயின் பெயரை ஊரறியச் சொன்னார். புற்றுநோய்க்கென மருத்துவமனை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் பிறந்தது. அவர் மருத்துவர், முதிர்ந்த அகவையினர். நம் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எனினும் உண்மை தெரிந்த பேத்தி ஒன்று செய்வாள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ தன் அத்தையின் வாயில் இருப்பதைக் கண்டால், "அத்தை, நாளைக்கே பல் கிளினிக்குக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுப்பாள். 'சாதாரண வாய்ப்புண்' என்று சொல்லி வளர்க்கப்பட்ட பேத்தி அதைப் பார்த்தும் பேசாமல் இருப்பாள். எந்தப் பேத்தியை வளர்க்கப்போகிறோம்?

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் இப்போது அப்படியொரு நோயாளி இருந்தால், பிள்ளைக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது நீங்கள் பேசக் காத்திருக்கிறது. இன்றிரவு பேசுங்கள். ஆசிரியர்களே, நாளைக் காலை வகுப்பில் தலை கவிழ்ந்து கிடக்கும் பிள்ளையை எழுப்புமுன் ஒரு கணம் எண்ணுங்கள்.

மாற்றுக் கருத்து உடையோர் தயங்காமல் எழுதுங்கள், விடையளிக்கக் காத்திருக்கிறேன்.

சிந்திப்போம். பேசத் தொடங்குவோம்.